பெரிய கீபோர்டையும் சிறிய சின்தசைசரையும் இணைக்கும் முன்

சென்ற டிசம்பர் முதல் வாரத்தில், தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இருவர் சேர்ந்து இறக்கியது 88 கீகள் கொண்ட மிடி கன்ட்ரோலர்; மிடி என்பது இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி, கன்ட்ரோலர் என்பது தானாக ஒலிக்காமல் அந்த மொழியில் செய்தி மட்டும் அனுப்பும் கீபோர்டு. தோள்பையிலிருந்து அவர் எடுத்தது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி, கார்க் நிறுவனத்தின் மைக்ரோகார்க் சின்தசைசர். ரிச்சி தெருவில் வாங்கிய யு.எஸ்.பி. மிடி ஒயர் ஒன்றும், அதன் தட்டையான முனையைக் கன்ட்ரோலரின் சதுரத் துளைக்குள் நுழைப்பதற்கான மாற்று இணைப்பி ஒன்றும் கையில் இருந்தன. "எல்லாம் கரெக்டா பொருந்துதுண்ணா, சத்தம்தான் வரல" என்றார். ஒயரின் நடுவில் இருந்த சிறு விளக்கு எரியவே இல்லை.

எந்தக் கருவியிலும் பழுது இல்லை. யு.எஸ்.பி. இணைப்பில் ஒரு முனையில் இருப்பது ஆளும் கருவியாகவும் மறுமுனையில் இருப்பது கீழ்ப்படியும் கருவியாகவும் இருந்தாக வேண்டும். கணினி ஆளும் கருவி; கன்ட்ரோலரும் அந்த ஒயரும், கணினியோடு சேர்வதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால், இரண்டுமே கீழ்ப்படியும் இனம். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் மின்சாரம் தருவதற்கும் உரையாடலைத் தொடங்குவதற்கும் நடுவில் ஆளில்லை. முனைகள் பொருந்திவிட்டால் கருவிகளும் பேசிக்கொள்ளும் என்று நம்பிப் பணத்தை இழப்பவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இதற்கு யு.எஸ்.பி. மிடி ஹோஸ்ட் எனப்படும் சிறு பெட்டி வேண்டும், அல்லது நடுவில் ஒரு கணினி வேண்டும். இன்னும் வாங்காதவர்களுக்கு நான் சொல்வது: கீகளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கன்ட்ரோலரின் பின்பக்கத்தைத் திருப்பி, ஐந்து முள் கொண்ட வட்டமான மிடி அவுட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சின்தசைசரின் மிடி இன் துளையோடு சாதாரண மிடி ஒயரால் நேரடியாக இணைத்துவிடலாம்.

அந்த வட்டத் துளை பழையது என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) எனப்படும் இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட் 600, ரோலண்டின் ஜூபிடர் 6 ஆகிய இரண்டு சின்தசைசர்களை இணைத்துக் காட்டியது இந்த ஒயர்தான். நொடிக்கு 31,250 பிட் என்பது இன்று மிகக் குறைந்த வேகமாகத் தோன்றினாலும், ஒரு சுரத்தின் செய்தி ஒரு மில்லி நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மேலும், மிடி இன் துளைக்குப் பின்னால் ஒளி வழியாகச் செய்தியைக் கடத்தும் சிறு பாகம் இருப்பதால், ஒரு கருவியின் மின் இரைச்சல் மற்றொன்றுக்குத் தாவுவதில்லை. மேடையில் யு.எஸ்.பி. ஒயர்கள் கொண்டுவரும் அந்த 'ஙொய்' என்ற முனகலோடு பல இரவுகள் போராடியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அன்று என் பட்டறைக் கணினியை நடுவில் வைத்து இணைத்தோம். ஒலி வந்ததும் அந்த இளைஞர் இரு கைகளாலும் ஒரு கீர்த்தனையை வாசித்தார், பெடலையும் மிதித்தார். மூன்றாவது கார்டுக்குள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்றாவது சுரக்கொத்துக்குள், அவர் முகம் மாறிவிட்டது. வாசித்த சுரங்கள் பாதியில் அறுந்து விழுந்துகொண்டிருந்தன.

2002இல் வெளிவந்த மைக்ரோகார்க்கில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை நான்கு குரல்கள் மட்டுமே; ஒரு சுரத்தை ஒலிக்கக் குறைந்தது ஒரு குரல் வேண்டும். இரண்டு ஒலிகளை அடுக்கிய புரோகிராமைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு கீயும் இரண்டு குரல்களை எடுத்துக்கொள்வதால், கையில் மிஞ்சுவது இரண்டு சுரங்கள். 37 சிறு கீகளில் வாசிக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. கைக்கு இடம் இல்லை, பெடல் சொருகத் துளையும் இல்லை. 88 கீகளை இணைத்தவுடன் இடது கை பேஸ் வாசிக்கிறது, வலது கை முழுக் கார்டு பிடிக்கிறது, கன்ட்ரோலரில் சொருகிய பெடல் 64ஆம் எண் கட்டளையாக மிடி வழியே வந்து எல்லாச் சுரங்களையும் தொடர்ந்து ஒலிக்க வைக்கிறது. ஐந்தாவது சுரம் வரும்போது சின்தசைசர் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் துண்டித்துத்தான் அதற்கு இடம் தர முடியும். கன்ட்ரோலர் அனுப்புவது எந்தக் கீ, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்பது போன்ற செய்திகளை மட்டுமே. ஒலிக்கும் திறன் முழுவதும் சின்தசைசரிடம் இருக்கிறது, அதைப் பெரிய கீபோர்டால் ஒரு குரல்கூடக் கூட்ட முடியாது.

நம்முடைய இசைக்கு இதைவிட முக்கியமான ஒன்று, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரமான பிட்ச் வீல். கமகத்துக்காக நாம் வீலை அசைக்கும்போது, வழக்கமான மிடியில் அந்தச் செய்தி தனி ஒரு சுரத்துக்குப் போவதில்லை; அந்தச் சேனலில் (மிடி செய்திகள் போகும் தனித்தனி வழிகளில் ஒன்றில்) ஒலிக்கும் அத்தனை சுரங்களுக்கும் போகிறது. அடியில் கார்டு பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை அசைத்தால் கார்டும் சேர்ந்து அசையும். கேட்பவருக்குச் சுருதி விலகியதாகவே படும். ஆகவே சிறிய சின்தசைசருக்கு ஒற்றை வரி மெலடியை மட்டும் கொடுத்துவிடுவதே என் அனுபவத்தில் நல்ல ஏற்பாடு. மிடியில் 16 சேனல்கள் உண்டு. கன்ட்ரோலரை இரண்டாகப் பிரிக்கும் வசதி இருந்தால், இடது பாதியை ஒரு சேனலில் பியானோ ஒலி தரும் வேறொரு கருவிக்கும், வலது பாதியை மற்றொரு சேனலில் சின்தசைசருக்கும் அனுப்பலாம். அப்போது கைக்குப் பழகிய கனமான கீயும் கிடைக்கும், கமகமும் மெலடியோடு நிற்கும். வீல் எத்தனை சுரம் வரை வளைக்கும் என்பதை முடிவு செய்வதும் சின்தசைசர்தான். அந்த எண்ணை ஒவ்வொரு புரோகிராமிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி வாசிப்பவர்கள், கீகளின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பாடகர் இரண்டு கட்டை கேட்கிறார் என்று ஒரு கட்டையிலிருந்து கன்ட்ரோலரில் இரண்டு அரைச்சுரம் ஏற்றி, பழக்க தோஷத்தில் சின்தசைசரிலும் இரண்டு அரைச்சுரம் ஏற்றினால், இரண்டும் கூடி நான்கு அரைச்சுரமாகி, மூன்று கட்டையில் போய் நிற்கும். சில சின்தசைசர்களில் இந்த ஏற்றம் அதன் சொந்தக் கீகளுக்கு மட்டும் பொருந்தும், வெளியிலிருந்து வரும் சுரத்தைத் தொடாது. அமைப்பைப் பொறுத்து மாறும். ஏதேனும் ஓர் இடத்தில் மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்து, மற்றதைச் சுழியிலேயே விட்டுவிடுங்கள்.

பெடலைக் கருவி இயங்கும் முன்பே சொருகிவிட வேண்டும்; பல கீபோர்டுகள் உயிர்பெறும் நொடியில்தான் பெடலின் திசையை அறிகின்றன, அப்போது மிதித்துக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அடாப்டர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொருகாதீர்கள். முனை பொருந்தினாலும் நடுமுள் நேர்மின்னா எதிர்மின்னா என்பது கருவிக்குக் கருவி வேறுபடும், தவறினால் சின்தசைசர் கருகக்கூடும். கன்ட்ரோலருக்குப் பவர் பேங்க் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கன்ட்ரோலர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், போனில் சார்ஜ் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பல பவர் பேங்குகள் தாமாகவே நின்றுவிடும்.

அந்த இளைஞர் ஹோஸ்ட் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு மறுவாரம் வந்தார். பியானோவுக்குத் தேவாலயத்திலேயே இருந்த பழைய கீபோர்டின் மிடி இன் போதுமானதாக இருந்தது. வலது பக்கம் மூன்று ஸ்தாயிகளை மைக்ரோகார்க்குக்கு ஒதுக்கி, பெடல் செய்தியை இடது பாதிக்கு மட்டும் போகும்படி வைத்தோம். கீர்த்தனையின் சரணம் முழுவதையும் வாசித்தார்; ஒரு சுரமும் அறுபடவில்லை.