சிறு மீன்பிடிப் படகுக்கு எத்தனை எச்.பி. மோட்டார்?

"16 அடிப் படகு. எத்தனை எச்.பி. போடலாம்?" படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் ஒரே ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார். நீளத்தை மட்டும் வைத்து அந்த எண்ணைச் சொல்லிவிட முடியாது. சொல்லி, அது தவறாகிப் போனால் எரிபொருள் பல வருடங்களுக்கு வீணாகும். கடல் மோசமாக இருக்கும் நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். படகின் அடிப்பாகம் எப்படிப்பட்டது? பிடித்த மீனோடு திரும்பும்போது மொத்த எடை எவ்வளவு?

உருண்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகுகளும், இரண்டு முனையும் கூர்மையான வள்ளங்களும் தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறவை. இவற்றுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 16 அடிக்கு ஏறத்தாழ 5.4 நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். 25 அடிக்கு 6.7 நாட். இந்த வேகத்தை நெருங்கும்போது படகு, தானே எழுப்பிய இரண்டு அலை முகடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் திராட்டிலை (வேகத்தைக் கூட்டும் பிடியை) திருகினால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்கும், பின்பக்கம் அமிழும், பின்னால் பெரிய அலை எழும். வேகம் மட்டும் அவ்வளவாகக் கூடாது.

இந்த ரகப் படகுக்கு, சுமையோடு சேர்த்து ஒரு டன் எடைக்கு 3 முதல் 5 எச்.பி. இருந்தால் அமைதியான நீரில் போதும். எதிர்காற்று, எதிர் நீரோட்டம், முகத்துவாரத்தில் அலையை மீறிக் கரை சேர வேண்டிய கட்டாயம் எல்லாவற்றையும் நினைத்து அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டன் படகுக்கு 8 அல்லது 9.9 எச்.பி. தாராளம். அதே படகில் 25 எச்.பி. மாட்டினால் கூடுதல் சக்தி முழுவதும் பின்னால் எழும் அலையைப் பெரிதாக்குவதற்கே செலவாகும்.

தட்டை அடியோ வி வடிவ அடியோ கொண்டு, பின்பக்கம் அகலமான சதுரப் பலகையோடு வரும் ஃபைபர், அலுமினியப் படகுகளின் கணக்கு வேறு. போதிய சக்தி கிடைத்தால் இவை தண்ணீரின் மேலே ஏறி வழுக்கி ஓடும். மொத்த எடையில் 20 கிலோவுக்கு 1 எச்.பி. என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒரு எச்.பி.க்கு 25 கிலோவைத் தாண்டினால் படகு மேலே ஏறுவது சந்தேகம்தான்.

இதை ஒரு 16 அடி ஃபைபர் படகுக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் படகு 250 கிலோ. 40 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 100 கிலோ. எரிபொருள் 20, மூன்று ஆட்கள் 210, வலையும் நங்கூரமும் 100, ஐஸும் மீனும் 120. ஆக மொத்தம் 800 கிலோ. 20 ஆல் வகுத்தால் 40 எச்.பி. இதே படகில் 60 கிலோ எடையுள்ள 25 எச்.பி. மாட்டினால் என்ன ஆகும்? ஐஸும் மீனும் ஏறாத நிலையில் 640 கிலோ, ஒரு எச்.பி.க்கு 25 கிலோவுக்குச் சற்று மேல். நல்ல நாளில் முக்கி முனகி மேலே ஏறிவிடும். திரும்பும்போது ஒரு எச்.பி.க்கு 30 கிலோவாகிவிடும், ஏறாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். மோட்டார் வாங்கும் அன்று வெறும் படகில் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாப் பறக்குது" என்று முடிவு செய்கிறார்கள். கணக்குப் போட வேண்டியது திரும்பும் பயணத்தின் எடைக்கு.

ஏறவும் முடியாமல், மெதுவாகப் போகவும் மனமில்லாமல், அணியத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு முழுத் திராட்டிலில் உழுதுகொண்டே வருவதுதான் எரிபொருளை அதிகம் விழுங்கும் நிலை. ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. மோட்டாரும் சீக்கிரம் தேய்ந்துபோகும். உங்கள் படகு தினமும் இப்படித்தான் வருகிறது என்றால் சுமையைக் குறையுங்கள், அல்லது மெதுவாக வருவது என்று முடிவு செய்யுங்கள், அல்லது பெரிய மோட்டாருக்குப் போங்கள்.

ஆனால் பெரிய மோட்டாருக்கும் ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. படகு கட்டியவர் தகடு பொருத்தியிருந்தால் அதில் உள்ள எண்ணைத் தாண்டவே கூடாது. தகடு இல்லையென்றால், 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதியில் உள்ள கணக்கு உதவும். படகின் நீளத்தையும் மோட்டார் மாட்டும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். மேலே சொன்ன படகின் பின்பலகை 5 அடி என்றால் 80 வரும். மோட்டாரைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைக் கையால் பிடித்து ஓட்டும் படகில், அடி தட்டையாகவும் ஓரம் கூர்மையாகவும் இருந்தால் அதைப் பாதியாக்கி 15 ஐக் கழிக்க வேண்டும்: 25 எச்.பி. வேறு வடிவ அடி என்றால் 0.8 ஆல் பெருக்கி 25 ஐக் கழித்தால் 39, அதை 40 ஆக்கிக்கொள்ளலாம். ஒரே நீளம், ஒரே அகலம். அடி வடிவம் மாறியதும் வரம்பு எவ்வளவு மாறுகிறது பாருங்கள். தட்டை அடிப் படகுக்காரர் 40 எச்.பி.க்கு ஆசைப்படக் கூடாது.

வரம்பை மீறினால் பின்பலகையில் விரிசல் விடுவது முதலில் தெரியும். அதைவிட ஆபத்தானது தண்ணீர் ஏறுவது. பின்பக்கம் பாரமாகி, நீர்மட்டத்துக்கும் பலகையின் விளிம்புக்கும் இடையே சில அங்குலமே மிச்சமிருக்கும். வேகமாக வந்துகொண்டிருக்கும்போது திராட்டிலைச் சட்டென்று விட்டால், படகு எழுப்பிய அலையே பின்னால் வந்து பலகையைத் தாண்டி உள்ளே விழும்.

ஒரு சின்ன விஷயமும் சொல்லிவிடுகிறேன். பல நிறுவனங்களின் 15, 20 எச்.பி. மோட்டார்கள் ஒரே சிலிண்டர் பிளாக்கில் செய்யப்பட்டவை. எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். படகின் வரம்பு இடம் கொடுத்தால் அப்படிப்பட்ட ஜோடியில் மேலே உள்ளதை வாங்கலாம். எடை கூடாமல் சக்தி கிடைக்கும்.

இனி புரொப்பெல்லர். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். "மோட்டார் இழுக்கல, பெரிசு மாத்தணும்" என்று கொண்டுவரப்படும் படகுகளில் பலவற்றுக்கு மோட்டார் சரியாகவே இருக்கும், புரொப்பெல்லர்தான் பொருந்தாது. பிட்ச் என்பது ஒரு முழுச் சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். 10 அங்குல பிட்ச், 5500 ஆர்.பி.எம். (மோட்டார் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்), 2க்கு 1 கியர் (மோட்டார் இரண்டு சுற்றுக்குப் புரொப்பெல்லர் ஒரு சுற்று) என்றால் கணக்குப்படி 22 நாட் வேகத்துக்கு மேல் போக வேண்டும். வேகமாக ஓடும் லேசான படகுக்காகச் செய்த புரொப்பெல்லர் அது. 6 நாட்டில் ஊர்ந்து போகும் பாரமான படகில் அதை மாட்டினால் தண்ணீரைக் கடைந்துகொண்டிருக்கும், மோட்டாரும் தனக்குரிய சுழற்சியை எட்டாது. பாரமான படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் இருக்க வேண்டும். மெதுவான படகுகளுக்கென்றே ஏறத்தாழ 3க்கு 1 கியர் வைத்து, பெரிய புரொப்பெல்லரோடு வரும் 9.9 எச்.பி. மாடல்களும் உண்டு. தண்ணீரை விலக்கிப் போகும் படகுக்கு அவை மிகவும் பொருத்தம்.

சோதிப்பது எளிது. சுழற்சியை அளக்கும் ஒரு டாக்கோமீட்டரை இணைத்து, வழக்கமான சுமையோடு முழுத் திராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். கையேட்டில் ஒரு சுழற்சி எல்லை போட்டிருக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் 5000 முதல் 6000. அதற்குக் கீழே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். எல்லையைத் தொடாமல் திணறும் மோட்டாரைத் தினமும் முழுத் திராட்டிலில் ஓட்டினால் சூடேறி, கரி படிந்து, கடைசியில் பிஸ்டன் போய்விடும். புரொப்பெல்லரை மாற்றிப் பார்க்காமல் மோட்டாரை மாற்றாதீர்கள்.

எரிபொருள் விஷயத்தில் ஒரு மட்டான கணக்கு: முழுத் திராட்டிலில் 10 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் மணிக்குச் சுமார் 4 லிட்டரும், 25 எச்.பி. சுமார் 9 லிட்டரும் குடிக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் இதைவிட நிறையவே குடிக்கும். தண்ணீரை விலக்கிப் போகும் படகில் சுழற்சியை 10 சதவீதம் குறைத்தால் தேவைப்படும் சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேலே ஏறி ஓடும் படகில் அப்படிக் குறைக்கும்போது, படகு மேலிருந்து இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷாஃப்ட் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. 15, 20, 25 அங்குலம் என்று வரும். பின்பலகையின் உச்சியிலிருந்து படகின் அடி வரை அளந்து அதற்கேற்ப வாங்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, அடிப்பலகையின் மட்டத்திலோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையானால் அலையில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து மோட்டார் அலறும். நீளமானால் இழுவை கூடும், தரை தட்டும்.

எந்த அளவு வாங்கினாலும் இழுபட்டால் மோட்டாரை நிறுத்திவிடும் கில் சுவிட்ச் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். டில்லரைப் பிடித்திருப்பவர் தவறி விழுந்தால் மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பும். ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். சக்தி கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

வாங்குவதற்கு முன் சோதனை ஓட்டம் கேளுங்கள். மீனுக்கும் ஐஸுக்கும் பதிலாகத் தண்ணீர் கேன்களையோ மணல் மூட்டைகளையோ ஏற்றி, வழக்கமான ஆட்களோடு போங்கள். படகு மேலே ஏறுகிறதா, எத்தனை விநாடியில், முழுத் திராட்டிலில் எத்தனை ஆர்.பி.எம்., பின்பலகைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். சுழற்சி கையேட்டின் எல்லைக்குள் வரவில்லையென்றால், அடுத்த பிட்ச் புரொப்பெல்லரை மாட்டித் தரச் சொல்லி, பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.