பால் கொடுக்கும் தாய்க்குத் தைராய்டு மாத்திரை: ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போனதும் தைராய்டு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். "பச்சை உடம்புக்காரி, பிள்ளை பால் குடிக்குது, மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் என்பது நம் தைராய்டு சுரப்பி சுரக்கும் அதே ஹார்மோன். சரியான அளவில் சாப்பிட்டால் தாய்ப்பாலில் மிகச் சொற்பமே கலக்கும். குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் சிக்கல். அசதி, மலச்சிக்கல், மனச்சோர்வு வரும், பால் சுரப்பும் குறையலாம். பிறகு "பால் பத்தலை" என்று பவுடர் பால் டப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நிறுத்தக் கூடாது என்றால் கர்ப்ப காலத்து டோஸையே தொடரலாம் என்று அர்த்தமில்லை. கர்ப்பத்தில் ஹார்மோன் தேவை கூடுவதால் டோஸை உயர்த்தியிருப்போம். முன்பு 75 மைக்ரோகிராம் சாப்பிட்டவருக்கு 100 ஆகியிருக்கலாம். பிரசவமானதும் பெரும்பாலானவர்கள் பழைய 75-க்கே திரும்பிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இது எழுதப்படாமல் விட்டுப்போனால் அம்மா 100-ஐயே தொடர்கிறார். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் சகஜம் என்று யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே "இனி எத்தனை மைக்ரோகிராம்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில்தான் முதன்முதலாக மாத்திரை ஆரம்பித்தது என்றால் அதைத் தொடர வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனை பிரசவமாகி 6 வாரத்தில். இந்த மருந்தின் பாதியளவு உடலை விட்டு வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டோஸை மாற்றிய பத்தாம் நாளே டெஸ்ட் எடுத்தால் வருவது பாதி வழியில் நிற்கும் எண். அதைப் பார்த்து மறுபடி டோஸை மாற்றினால் குழப்பம் கூடும்.

ரிப்போர்ட்டில் வரும் டிஎஸ்எச் என்பது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்து "இன்னும் சுர" என்று போடும் சத்தம். ஹார்மோன் குறைந்தால் சத்தம் கூடும், அதிகமானால் அடங்கும். டிஎஸ்எச் கூடியிருந்தால் டோஸ் போதவில்லை, குறைந்திருந்தால் டோஸ் அதிகம் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான லேப்களில் நார்மல் அளவு 0.4 முதல் 4 வரை இருக்கும். டி4 என்ற தைராய்டு ஹார்மோனையும் பார்ப்பதாக இருந்தால், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பகுதியான ஃப்ரீ டி4 கேளுங்கள்; ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கர்ப்பத்தின்போது உயர்ந்திருப்பதால் மொத்த டி4 பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் கூடுதலாகக் காட்டும். டெஸ்ட் அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். மாத்திரை போட்டதும் சில மணி நேரம் ஃப்ரீ டி4 ஏறி நிற்கும்.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போது அம்மாவுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். உடனே முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்குவார்கள். அப்படித்தான் ஒரு பெண் டிஎஸ்எச் 0.08, ஃப்ரீ டி4 உச்சத்தில் என்ற ரிப்போர்ட்டோடு பயந்துபோய் வந்தார். கை நடுக்கமில்லை, நாடித் துடிப்பு 76. உடம்பு ஒன்று சொல்ல, காகிதம் வேறொன்று சொன்னது. "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்றதும் பையிலிருந்து 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் டப்பாவை எடுத்தார். அதிக அளவு பயோட்டின், பல லேப்கள் பயன்படுத்தும் பரிசோதனை முறையையே ஏமாற்றிவிடும். அதை நிறுத்தி, சில நாள் கழித்து எடுத்த டெஸ்டில் எல்லாம் நார்மல். தைராய்டு டோஸைத் தொட வேண்டியிருக்கவில்லை. டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள்.

டோஸ் சரியாக இருந்தும் டிஎஸ்எச் இறங்கவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். அவை அவசியம்தான். ஆனால் தைராய்டு மாத்திரையோடு சேர்ந்தால் அதை உடலில் ஏறவிடாது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காப்பிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். விடியற்காலையில் பிள்ளை பாலுக்கு எழுப்பும்போதே வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்வது பலருக்கும் தோதுப்படுகிறது.

இதுவரை தைராய்டு பிரச்சினையே இல்லாதவர்களுக்கும் பிரசவமான முதல் வருடத்தில் சுரப்பி வீங்கி, ஹார்மோன் முதலில் ஏறி பிறகு இறங்கும் நிலை வரலாம். ஏறும் கட்டத்தில் பெரும்பாலும் தைராய்டைக் கட்டுப்படுத்தும் மருந்து தேவைப்படாது. படபடப்புக்கு மட்டும் மருந்து கொடுப்போம். காரணம் தேட கதிரியக்க அயோடின் ஸ்கேன் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், பால் கொடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது அதை எடுக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பலருக்கு ஒரு வருடத்தில் தானாகச் சரியாகிவிடும், சிலருக்குக் குறைபாடு நிரந்தரமாகத் தங்கிவிடும். சரியானவர்களும் வருடத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பாருங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போனால் முதல் வாரத்திலேயே பாருங்கள்.