கையெழுத்து குடியரசுத் தலைவருடையது, முடிவு அமைச்சரவையுடையது

ரயில்வேயில் டெண்டர் எடுத்த காண்டிராக்டர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவருடைய ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். ஒரு தரப்பில் அவர் பெயர் இருக்கும். எதிர்த் தரப்பில் ரயில்வே நிர்வாகத்தின் வழியாகச் செயல்படும் 'இந்தியக் குடியரசுத் தலைவர்' இருப்பார். கையெழுத்துப் போட்டிருப்பவர் ஓர் அதிகாரி. மத்திய அரசின் ஒப்பந்தங்கள் இப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்கிறது அரசமைப்பின் 299-வது பிரிவு. ஆணைகளுக்கு 77-வது பிரிவு அதையே சொல்கிறது.

பெயர் குடியரசுத் தலைவருடையதாக இருந்தாலும், பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும். 74-வது பிரிவு அது. 1976-ல் வந்த 42-வது திருத்தம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தது. 1978-ல் 44-வது திருத்தம் ஒரு வாசலைத் திறந்தது: 'மறுபடி யோசியுங்கள்' என்று ஒரே ஒருமுறை அவர் திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை மீண்டும் வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒருமுறைதானே, அதில் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு 1997 அக்டோபரைச் சொல்வேன். உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அத்தோடு விட்டுவிட்டது. அந்த மாநிலத்தின் கல்யாண் சிங் அரசு தப்பியது. மசோதாக்களுக்கும் இதுபோல ஒரு வழி உண்டு. எம்.பி.க்கள் வகிக்கக் கூடாத 'ஆதாயம் தரும் பதவி'களில் சிலவற்றுக்கு விலக்குத் தரும் மசோதாவை 2006-ல் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மறுபடி நிறைவேற்றியதும் ஒப்புதல் அளித்தார். தடுக்க முடியவில்லைதான். ஆனாலும் நாடே அந்த மசோதாவைத் திரும்பிப் பார்த்தது.

கேட்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடவே இல்லை. மறுநாள் காலையில்தான் கூடி ஒப்புக்கொண்டது. இப்போது அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் அவர் அந்தப் பிரகடனத்தைச் செய்ய முடியாது. அதுவும் 44-வது திருத்தம் தந்ததுதான். அந்த ஒரு வரிக்காகவே அத்திருத்தத்தை நான் மதிக்கிறேன்.

மக்களவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது அவருடைய சொந்த முடிவுக்கு வேலை வருகிறது. 1996-ல் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா, தனிப்பெரும் கட்சியின் தலைவர் என்று வாஜ்பாயை அழைத்தார். அந்த ஆட்சி 13 நாளில் முடிந்தது. 1999 ஏப்ரலில், மறுபடி பிரதமராகியிருந்த வாஜ்பாய்க்குத் தந்த ஆதரவை அ.தி.மு.க. விலக்கியதும், பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார் நாராயணன். 269-க்கு 270, ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன் இந்தப் பதவியை, மின்சாரம் போனால் தானே எரியும் அவசர விளக்குக்கு ஒப்பிட்டார். கரண்ட் வந்ததும் அணைந்துவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் 'ஜனாதிபதிக்கே எழுதுகிறேன்' என்று மனு போடுகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அங்கே போகும் மனு உரிய துறைக்குத்தான் அனுப்பப்படும். பட்டா என்றால் அது மாநில அரசின் வேலை. அதற்கு முதலில் தாசில்தாரிடம் போங்கள். தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனுவைக்கூட, 72-வது பிரிவு ஜனாதிபதி கையில் கொடுத்திருந்தாலும், உள்துறை அமைச்சகம் அனுப்பும் ஆலோசனைப்படிதான் அவர் முடிவு செய்கிறார்.