எடை குறைந்த ஃப்ளைவீல்: போடுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு தம்பி பழைய சிட்டி கோல்ஃப் ஒன்றைக் கொண்டுவந்தார். 1.8 என்ஜின். "அண்ணா, கிளம்பும்போது வண்டி உதறுது, ரோபோவில் நின்றால் அணைந்துபோகுது" என்றார். (சிக்னல் விளக்கைத்தான் தென்னாப்பிரிக்காவில் ரோபோ என்போம்.) கியர்பாக்ஸை இறக்கினால், என்ஜினின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை யாரோ லேத்தில் கொடுத்துச் சீவியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த அதே வார்ப்பிரும்புச் சக்கரம்தான், விளிம்பில் பாதியைக் காணவில்லை. ஒரு போல்ட் துளையிலிருந்து தலைமுடி அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. அந்த வண்டியில்தான் அவர் தினமும் அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் (என்ஜினின் சுழல் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறைதான் உந்துதல் கிடைக்கும். நடுவில் உள்ள இடைவெளியைத் தன் சுழற்சியால் இழுத்துக்கொண்டு போவது ஃப்ளைவீல். பாட்டி வீட்டுத் தையல் மிஷினில் கீழே ஒரு கனமான சக்கரம் இருக்குமே, அதே வேலை.

எடையைக் குறைத்தால் என்ன லாபம்? என்ஜினின் குதிரைத்திறன் கூடாது. சக்தியை அளக்கும் டைனோவில் ஒன்றிரண்டு கூடுதலாகக் காட்டலாம். சக்கரத்தைச் சுழற்றவே செலவான சக்தி கொஞ்சம் மிச்சமாவதால் வரும் கணக்கு அது. உண்மையான லாபம் கீழ் கியர்களில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து 11 செ.மீ. தள்ளி 4 கிலோவை எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். முதல் கியரில் மொத்த விகிதம் (டயர் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் சுற்றும் சுற்றுகள்) 14, டயரின் ஆரம் 29 செ.மீ. என்றால், வேகமெடுக்கும்போது வண்டியிலிருந்து சுமார் 110 கிலோவை இறக்கிவைத்த மாதிரி. அதுவே மொத்த விகிதம் 3.2 உள்ள ஐந்தாவது கியரில் வெறும் 6 கிலோ. N3 நெடுஞ்சாலையில் 120-இல் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி பந்தயப் பாதையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றுகிறவருக்கு நன்றாகவே தெரியும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) ஏறும், விட்டதும் இறங்கும். அந்தச் சுகத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் நாம் ஓட்டுவது எங்கே? சாட்ஸ்வொர்த்தே மேடும் பள்ளமும்தான். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, பிப்ரவரிப் புழுக்கத்தில் ஏசியைப் போட்டு, ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். கனமான சக்கரம் தன்னிடம் உள்ள சுழற்சியைக் கொடுத்து வண்டியைத் தள்ளிவிடும். இலேசான சக்கரத்திடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஆர்.பி.எம்.மை ஏற்றி க்ளட்சை வழுக்க விட வேண்டும். க்ளட்ச் சூடாகும், சீக்கிரம் தேயும். ஏசி கம்ப்ரஸர் சேரும்போதெல்லாம் ஐடில் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) தள்ளாடும். ஜோகன்னஸ்பர்க் போனால் இன்னும் சிரமம். அது 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். டர்போ இல்லாத என்ஜின் அங்கே தன் சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். புதிய கார்களில் கிராங்கின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, சிலிண்டர் எரியவில்லை என்று கம்ப்யூட்டர் தவறாக நினைத்து எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடுவதும் உண்டு.

டீசல் பக்கிக்கு (பிக்அப் வண்டிக்கு) இது வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் அதிர்வை விழுங்கவென்றே இரட்டைச் சக்கர ஃப்ளைவீல் வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு இலேசானதைப் போட்டால் அத்தனை அதிர்வும் கியர்பாக்ஸுக்குத்தான் போகும்.

இவ்வளவும் வசதி பற்றிய பேச்சு. உயிர் பற்றியது இனிமேல்தான். 7,000 ஆர்.பி.எம்.மில் ஃப்ளைவீலின் விளிம்பு மணிக்கு 340 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அங்கே இருக்கும் 10 கிராம் இரும்பு, சுமார் 70 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பில் உருக்குக்குப் பக்கத்தில்கூட நிற்காது. அதைச் சீவி மெல்லியதாக்கினால் க்ளட்ச் சூட்டை வாங்கிக்கொள்ளவும் இரும்பு போதாமல் விரிசல் விடும். என்ஜின் குறுக்காக உட்கார்ந்த கோல்ஃபில் இந்தச் சக்கரம் வண்டியின் நீளவாக்கில் சுழல்கிறது. உடைந்த துண்டு பின்னோக்கிப் பறந்தால், குறுக்கே ஒரு தகடு, அதற்கு அப்பால் உங்கள் கால்கள்.

பந்தயத்துக்கென்று போடுகிறவர்கள் ஒரே துண்டு உருக்கில் செய்து, எஸ்.எஃப்.ஐ. 1.1 (பந்தயப் பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ளதாக வாங்குங்கள். அலுமினியம் என்றால் க்ளட்ச் உரசும் இடத்தில் உருக்குத் தகடு பதித்திருக்க வேண்டும். க்ளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸ் செய்யுங்கள், போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். பழைய கோல்ஃபில் பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் குறி ஃப்ளைவீலில்தான் இருக்கிறது, அது சரியான இடத்தில் உள்ளதா என்றும் பாருங்கள். சாலையிலும் ஓட்டுகிற வண்டி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடையைக் குறைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தம்பிக்கு ஸ்கிராப்யார்டிலிருந்து ஒரிஜினல் ஃப்ளைவீல் ஒன்றைத் தேடிப் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, புது க்ளட்சோடு மாட்டிக் கொடுத்தேன். சீவிய சக்கரத்தை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அன்றைக்கே கிரைண்டரால் இரண்டாக அறுத்துப் போட்டேன்.