களைக்கொல்லி எதிர்ப்புத்திறன்: சொல்லும் பொருளும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் களைமருந்து அடித்த பிறகும் ஒரு செடி கருகாமல் நின்றால், முதலில் "மருந்துக்குக் கேட்கவில்லை" என்பார்கள்; பிறகு "மருந்து பழகிவிட்டது" என்பார்கள். முன்னது நிகழ்வைச் சரியாகச் சொல்கிறது. பின்னது காரணத்தைத் தவறாகக் காட்டுகிறது. தெளிப்பதற்கு முன்பே, எண்ணற்ற செடிகளுள் ஏதோ ஒன்றிரண்டில் தற்செயலான மரபணு மாற்றம் இருந்திருக்கும். மற்றவை மடிய அவை மட்டும் விதைவிடும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிக்கத் தெளிக்க, நிலம் முழுவதும் அவற்றின் சந்ததியே நிறைந்துவிடும். வழக்கமாகக் கொல்லும் அளவுக்கும் தப்பிப் பிழைத்து இனப்பெருக்கம் செய்கிற, மரபுவழி வரும் இந்த இயல்பே களைக்கொல்லி எதிர்ப்புத்திறன்.

'களைதல்' என்னும் வினையோடு பிறந்த சொல் 'களை'. களையப்பட வேண்டியது என்பதே அதன் பொருள். 'ஹெர்பிசைடு' என்பதில் உள்ள லத்தீன் கூறுகள் புல்பூண்டையும் கொல்லுதலையும் குறிப்பதால், 'களைக்கொல்லி' அதற்கு நேர்த்தியான ஈடு. 'ரெசிஸ்டன்ஸ்' என்பதன் லத்தீன் வேர் எதிர்த்து நிற்றலைக் குறிக்கும். இதை 'எதிர்ப்புச் சக்தி' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. நோய்க்கிருமியைச் சந்தித்த உடல் தானாக வளர்த்துக்கொள்ளும் ஆற்றலை அது நினைவூட்டி, 'பழகிவிட்டது' என்ற பிழைக்கே நம்மைத் திரும்ப இட்டுச்செல்லும்.

இவ்வியல்பு முதன்முதலாக 1957இல் பதிவான களைகளுள் ஒன்று, கனடாவின் ஒன்டாரியோ மாநிலச் சாலையோரங்களில் 2,4-டி மருந்துக்கு மடியாத காட்டுக் கேரட். நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் நாம் பயிரிடும் கேரட்டும் அதே தாவர இனந்தான்.

செடி தப்பும் வழிகள் பல. கிளைபோசேட் மருந்து, செடிக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களை உருவாக்கும் ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. சில களைகளில் அந்த நொதியின் வடிவம் சற்றே மாறியிருப்பதால் மருந்து அதில் சரியாக ஒட்டுவதில்லை. அமெரிக்கப் பருத்தி வயல்களின் ஒருவகைக் கீரைக்களையிலோ, அந்த நொதிக்குரிய மரபணு நூற்றுக்கும் மேற்பட்ட நகல்களாகப் பெருகியிருந்தது. மருந்து முடக்கியது போக மிஞ்சும் நொதியே செடிக்குப் போதுமானதாகிவிடுகிறது. பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களின் ஃபலாரிஸ் புல், ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லியைத் தன்னுள்ளேயே சிதைத்துவிடுகிறது.

மக்காச்சோளம் அட்ரசின் என்னும் களைக்கொல்லிக்குச் சாகாமல் இருப்பது வேறு. அவ்வினத்துக்கு இயல்பாகவே உள்ள அப்பண்பைத் 'தாங்குதிறன்' என்று பிரித்துச் சொல்வதே முறை. 2024இல் வெளியான பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 ஆகிய நெல் இரகங்கள் இமாசெத்தாபிர் என்னும் களைக்கொல்லிக்குத் தப்புவது மரபணுத் திடீர்மாற்றத்தால்தான் என்றாலும், மனிதர் தேர்ந்தெடுத்த பயிர் என்பதால் அவற்றையும் 'களைக்கொல்லி தாங்கும் இரகங்கள்' என்றே வழங்குகிறோம்.

மழையும் மூடுபனியும் ஓயாத நீலகிரியில், பிழைத்த களையெல்லாம் எதிர்ப்புத்திறன் பெற்றதாகிவிடாது. தெளித்த சிறிது நேரத்தில் மழை பெய்து மருந்தைக் கழுவியிருந்தால் பலவகைக் களைகளும் ஒருசேரப் பிழைத்திருக்கும். மாறாக, ஒரே இனத்தில் ஒரு செடி கருகிக் கிடக்க, அதே மருந்து நனைத்த பக்கத்துச் செடி பச்சையாகத் துளிர்க்குமானால் ஐயப்பட வேண்டும். அவ்விடத்தில் மருந்தின் அளவைக் கூட்டாமல், அச்செடி பூத்து விதை கட்டுமுன் வேரோடு கொத்தி எடுத்துவிட வேண்டும்.