உள்ளங்கைத் திரைக்கு ஒரு திரைப்படம்: காணொளிக் கோப்பு மாற்றப்படும் விதம்

கணினியில் தடையின்றி ஓடும் ஒரு படக் கோப்பைக் கையடக்க வீடியோ பிளேயரில் ஏற்றினால், அது பட்டியலில் தோன்றாமலே போகலாம். தோன்றினாலும் ஒலி மட்டும் கேட்டுப் படம் வராமல் நிற்கலாம். கோப்பு கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கோப்பில் குறை எதுவும் இல்லை. அதைப் பிரித்துப் படமாக்கத் தேவைப்படும் கணக்குகளைப் போடும் வலு அந்தக் கருவியின் சிப்பில் இல்லை என்பதே காரணம். கோப்பை மாற்றும் வேலை அனைத்தும் இந்த ஒரு வரம்பைச் சுற்றியே அமைகிறது.

2005 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐந்தாம் தலைமுறை ஐபாட், இதை விளக்க மிகப் பொருத்தமான கருவி. அதன் திரை 2.5 அங்குலம், அகலத்தில் 320, உயரத்தில் 240 படப்புள்ளிகள். எச்.264 முறையில் சுருக்கிய காணொளியானால் 320க்கு 240 அளவு, நொடிக்கு 30 சட்டகங்கள் (அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படங்கள்), நொடிக்கு 768 கிலோபிட் என்பதுதான் அது ஏற்கும் உச்சம். பழைய எம்பெக்-4 முறையானால் 480க்கு 480 வரையும், 2.5 மெகாபிட் வரையும் ஏற்கும். புதிய, திறன்மிக்க முறைக்குக் குறைந்த வரம்பும் பழைய முறைக்குக் கூடுதல் வரம்பும் இருப்பது முதலில் வியப்பளிக்கும். எச்.264 குறைந்த பிட்டுகளில் அதிக விவரத்தை அடக்குகிறது. அந்த அடக்கத்தை அவிழ்க்க ஒவ்வொரு பிட்டுக்கும் கூடுதல் கணக்கு வேண்டும் என்பதை நினைத்தால் வியப்பு நீங்கிவிடும்.

அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய ஏவிஐ கோப்பை எடுத்துக்கொள்வோம். ஏவிஐ, எம்பி4 என்பவை வெறும் பாத்திரங்கள். உள்ளே இருக்கும் காணொளியும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டவை என்பது வேறு கேள்வி. உள்ளே இருப்பது கருவிக்கு ஏற்றதாக இருந்து பாத்திரம் மட்டும் பொருந்தவில்லை என்றால், எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள் ஒரு பிட்டையும் தொடாமல் ஓரிரு நிமிடங்களில் அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தந்துவிடும். தரம் சிறிதும் குறையாது. ஆனால் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்னும் சுருக்கும் மென்பொருள்களால் உருவான ஏவிஐ கோப்புகளில் பெரும்பாலும் இந்த வழி பலிக்காது. அவையும் எம்பெக்-4 தான். ஆயினும் அந்த முறையின் 'அட்வான்ஸ்டு சிம்பிள்' பிரிவைச் சேர்ந்தவை. ஐபாட் அறிந்ததோ 'சிம்பிள்' பிரிவு மட்டும். முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களை ஒருசேரப் பார்த்துக் கட்டப்படும் பி-சட்டகங்கள் முதல் பிரிவில் உண்டு, இரண்டாவதில் இல்லை. ஆகவே காணொளியை முழுதாக அவிழ்த்து மீண்டும் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிச் சுருக்குவதில் எவ்வளவு கழிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் வழங்கும் 'பால்' (PAL) என்னும் தொலைக்காட்சி முறை டிவிடியில் ஒரு சட்டகம் 720க்கு 576. நொடிக்கு 25 சட்டகங்கள். சுருக்காமல் வைத்தால், நிறத்தின் விவரத்தைக் கால்பங்காக்கிய பிறகும், அது நொடிக்கு 124 மெகாபிட் ஆகும். அதையே 320க்கு 240 ஆகக் குறுக்கினால் 23 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. அனுமதிக்கப்பட்டதோ 768 கிலோபிட், அதாவது அதில் முப்பதில் ஒரு பங்கு. மீதி இருபத்தொன்பது பங்கையும் கண்ணுக்குத் தெரியாதபடி நீக்கியாக வேண்டும்.

சுருக்கும் மென்பொருள் சட்டகத்தை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும், அதைப் போன்ற பகுதி முந்தைய சட்டகத்தில் எங்கிருந்தது என்று தேடி, 'அங்கிருந்து இவ்வளவு நகர்ந்தது' என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. ஒத்துப்போகாத மிச்சத்தைக் கணித மாற்றத்துக்கு உட்படுத்தி, நுண்ணிய வேறுபாடுகளைத் தோராயமாக்கிச் சேமிக்கிறது. எவ்வளவு தோராயமாக்குவது என்பதை 0 முதல் 51 வரையிலான ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண் ஆறு கூடும்போதெல்லாம் தோராயத்தின் படி இருமடங்காகிறது. தேடும் உழைப்பு முழுவதும் சுருக்குபவருடையது. அவிழ்ப்பவர் குறிப்பைப் பின்பற்றினால் போதும். அதனால்தான் இரண்டு மணி நேரப் படத்தைச் சுருக்க அன்றைய மேசைக் கணினிகள் பல மணி நேரம் திணறின, சட்டைப்பைக் கருவியோ அதை எளிதாக ஓட்டியது. மென்பொருளில் 'மெதுவான' அமைப்பைத் தேர்ந்தெடுப்பது வீண் காத்திருப்பல்ல. அதே பிட் அளவுக்குள் தெளிவான படம் கிடைப்பதற்குக் கொடுக்கும் விலை.

768 என்ற எண்ணும் தற்செயலானதல்ல. எச்.264 தரநிலை கருவிகளின் வலிமையைப் படிநிலைகளாக வகுத்திருக்கிறது. ஐபாட் ஏற்பது 'பேஸ்லைன்' பிரிவின் 1.3ஆம் படிநிலை: ஒரு சட்டகத்தில் 396 கட்டங்கள், நொடிக்கு 11,880 கட்டங்கள், 768 கிலோபிட் என்பவை அதன் எல்லைகள். 320க்கு 240 என்பது 300 கட்டங்கள். நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால் 9,000 கட்டங்கள். ஆகவே எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. பேஸ்லைன் பிரிவில் பி-சட்டகங்களும் இல்லை, கேபாக் எனப்படும் கடினமான பிட் அடுக்கு முறையும் இல்லை. மாற்றும் மென்பொருளில் இவற்றில் ஒன்றை மறந்து இயக்கியிருந்தாலும் கருவி கோப்பை ஏற்க மறுத்துவிடும்.

படத்தின் வடிவ அளவில்தான் மிகுதியான கோப்புகள் பாழாகின்றன. டிவிடியின் படப்புள்ளிகள் சதுரமானவை அல்ல. அகலத்திரைப் படத்தின் 720க்கு 576 சட்டகம், திரையில் 1024க்கு 576 ஆக விரிக்கப்பட்ட பிறகே சரியான தோற்றம் பெறுகிறது. அதைக் கவனியாமல் நேராக 320க்கு 240 ஆக்கினால் முகங்கள் நெடுத்து ஒடுங்கிவிடும். சரியான அளவு 320க்கு 180. 180 என்பது பதினாறால் வகுபடாத எண் என்பதால், மென்பொருள் உள்ளுக்குள் 192 வரிகளாக நிரப்பிச் சுருக்கி, காட்டும்போது மிகுதியை மறைக்கிறது. சிலர் 176 என்று வைத்துக்கொள்வதும் இதனால்தான். அந்தச் சிறு பிசகு கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளை முன்பே வெட்டிவிடுவது நல்லது, ஏனெனில் கறுப்புக்கும் படத்துக்கும் இடையிலான கூர்மையான கோடு ஒரு கட்டத்தின் நடுவே விழுந்தால் பிட்டுகளைத் தின்றுவிடும். தொலைக்காட்சிக்காக ஒன்றைவிட்டு ஒரு வரியாகப் பதிவான நிகழ்ச்சிகளில் அந்த வரிகளை இணைத்துச் சீராக்காமல் அளவைக் குறுக்கினால், அசையும் கையும் தலையும் இரட்டை நிழலாகத் தெரியும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

ஒலியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டிவிடியின் ஐந்து முழுத் தடங்களில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருக்கும். இரண்டு காதுகளுக்குச் சுருக்கும்போது அந்தத் தடம் இருபக்கமும் சுமார் 0.7 பங்காகக் கலக்கப்படுகிறது. இசையும் வெடிச்சத்தமும் மேலோங்கி வசனம் அமுங்குவதாகத் தோன்றினால், நடுத்தடத்தின் பங்கைச் சற்று உயர்த்தி மீண்டும் கலக்க வேண்டும்.

நொடிக்கு இத்தனை பிட்டுகள் என்னும் பிட் வீதத்துக்கும் மின்கலத்துக்கும் உள்ள உறவு அதிகம் பேசப்படுவதில்லை. இந்த ஐபாடில் கோப்புகளைச் சேமிக்க இருந்தது 1.8 அங்குலச் சுழல்தட்டு (ஹார்ட் டிஸ்க்). அது சிறிது நேரம் சுழன்று நினைவகத்தை நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடும். நினைவகத்தில் 20 மெகாபைட் நிரம்புவதாகக் கொண்டால், 768 கிலோபிட் படமும் 128 கிலோபிட் ஒலியும் சேர்ந்த கோப்பு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும், 2.5 மெகாபிட் கோப்போ ஒரு நிமிடத்தில் தீர்ந்து தட்டை மறுபடி எழுப்பிவிடும். 30 ஜிகாபைட் மாதிரிக்கு நிறுவனம் கூறிய காணொளி நேரமே இரண்டு மணிதான். ஆகவே தேவைக்கு மேல் பிட் கொடுத்தால், படத்தின் இறுதிக் காட்சிக்கு முன்பே கருவி அணைந்துவிட இடமுண்டு.

சுருக்கியதையே மீண்டும் சுருக்குவதை எப்போதும் தவிர்க்க வேண்டும். முதல் சுருக்கத்தின் தோராயங்களை இரண்டாவது சுருக்கம் படத்தின் உண்மையான விவரங்களாகக் கருதி, அவற்றைக் காக்கவே பிட்டுகளைச் செலவிடும். 2006 செப்டம்பரில் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பின் அதே ஐபாட் 640க்கு 480 அளவையும் 1.5 மெகாபிட்டையும் ஏற்றது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு அது பெரிய முன்னேற்றம். மூல டிவிடியைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் புதிய அளவில் மறுபடி சுருக்கிக்கொள்ள முடிந்தது. 320க்கு 240 கோப்பு மட்டுமே கையில் இருந்தவர்களுக்கு, அதை எந்த மென்பொருளால் பெரிதாக்கினாலும் கழித்த விவரம் திரும்பக் கிடைக்க வழியில்லை.