எறியம்: முன்கணிப்பு அல்ல

வெள்ளவத்தையில் ஒரு சிறிய அலுவலகத்தில் கியூஜிஐஎஸ் என்ற தேசப்பட மென்பொருளைப் பழக வந்த தங்கை ஒருத்தி, கொழும்பை அடுத்த கொலன்னாவையில் வெள்ளத்தில் மூழ்கிய கிணறுகளின் புள்ளிப் படையை, அதாவது ஒவ்வொரு கிணற்றையும் ஒரு புள்ளியாகக் காட்டும் தரவு அடுக்கை, திறந்து வைத்துக்கொண்டு, “அண்ணா, கிணறுகள் எல்லாம் காணாமற் போய்விட்டன” என்றாள். கையில் தமிழ் வழிகாட்டித் தாள். அதன் ஏழாம் படி: “படையின் முன்கணிப்பை 4326க்கு மாற்றுக.” (4326 என்பது இடங்களை அகலக்கோடு, நெடுங்கோட்டுப் பாகையில் சொல்லும் முறையின் எண்.) புரொஜெக்ஷனை ‘முன்கணிப்பு’ ஆக்கிய தாள்களில் இந்த ஆண்டு நான் பார்த்தது இது நான்காவது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் வேர் இலத்தீன். ‘முன்னே எறிதல்’ என்று பொருள். உருண்டைப் பூமியிலுள்ள இடங்களைக் கணித விதிப்படி தட்டைத் தாளில் பதிக்கும் முறை அது. பாடசாலையில் எங்கள் புவியியல் ஆசிரியர் ‘எறியம்’ என்றார். எறி என்ற வினை, அம் என்ற விகுதி. அவ்வளவுதான்.

முன்கணிப்பு எங்கிருந்து வந்தது? ‘சனத்தொகை இன்னும் பத்தாண்டில் எவ்வளவாகும்’ என்று எதிர்வுகூறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நேற்று அளந்த கிணற்றில் முன்கூட்டிக் கணிப்பதற்கு என்ன இருக்கிறது? தேசப்படத்தை வாழ்நாளில் ஒருமுறை திறந்து பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். ‘வீழ்ப்பு’ என்பாரும் உண்டு. நிழல் விழுவதை எண்ணி ஆக்கிய சொல். அதைப் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் வீழ்வது தானாக நடப்பது. எறிவதற்கு ஒருவர் திசையும் விதியும் தேரவேண்டும். இங்கே நடப்பது இரண்டாவது.

எறியம் என்றால் எறிகணை நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் நம் வீடுகளில் ‘வெயில் எறிக்கிறது’, ‘நிலவு எறிக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? ஒளி பரப்புவதும் எறித்தலே. போர் தொட்ட சொல்லையெல்லாம் விட்டுக்கொடுத்தால் நமக்கு மிஞ்சுவது எத்தனை? ‘படை’யையும் அல்லவா விடவேண்டிவரும்?

முன்கணிப்பைவிடக் கொடியது அதை அடுத்து வந்த ‘மாற்றுக’. மென்பொருளில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கோப்பிலுள்ள எண்கள் எந்த எறியத்தைச் சேர்ந்தவை என்று சொல்வது. எண்கள் அப்படியே இருக்கும். மற்றது, எண்களையே இன்னோர் எறியத்துக்குக் கணக்கிட்டுப் புதிய கோப்பாக்குவது. தங்கை முதலாவதைச் செய்துவிட்டாள். கிணறுகளின் எண்கள் மீற்றரில் அளக்கும் இலங்கைக் கட்டம் 1999ஐச் சேர்ந்தவை; இத்தகைய முறைகளுக்கு எண் தரும் இ.பி.எஸ்.ஜி. பட்டியலில் அது 5235. அதில் கொழும்பு கிழக்காக ஏறத்தாழ 4 இலட்சம் மீற்றர், வடக்காக ஏறத்தாழ 4 இலட்சத்து 90 ஆயிரம். அந்த எண்களைப் பாகை என்று மென்பொருள் நம்பியது. 4 இலட்சம் பாகை நெடுங்கோடு எந்தப் பூமியில் இருக்கிறது?

முதலாவதை ‘எறியம் குறித்தல்’ என்றும் இரண்டாவதை ‘எறியம் பெயர்த்தல்’ என்றும் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பில் வரும் அதே பெயர்த்தல். பொருள் நிற்க உரு மாறுகிறது. குறித்தலும் விளையாட்டல்ல. தேசப்படத் தரவு உள்ள ஷேப் கோப்போடு, அதன் எறியத்தைச் சொல்ல வரும் பிஆர்ஜே கோப்பு தொலைந்துவிட்டால் எண்களைப் பார்த்துத்தான் எறியத்தை அறியவேண்டும். கொழும்புப் புள்ளியில் 4 இலட்சத்துக்குப் பதில் 1 இலட்சத்தை ஒட்டிய எண் இருந்தால் அது பழைய கண்டவலக் கட்டம், 5234. இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி பீதுருதலாகலைப் பக்கம்தான். ஆனால் அந்தப் புள்ளிக்குக் கிழக்கும் வடக்கும் பழையதில் 2 இலட்சம் மீற்றர், புதியதில் 5 இலட்சம் மீற்றர் என்று வைத்துக்கொண்டார்கள். பழையதைப் புதியதென்று குறித்தால் ஊர் மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் போய்விடும்.

நல்ல தமிழ்ச் சொல் கிடைக்காவிட்டால் புரொஜெக்ஷன் என்றே எழுதுங்கள். கேட்பவர் யாரிடமாவது விசாரிப்பார். முன்கணிப்பு என்றால் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார்.

படைக்கு மறுபடி 5235 குறித்து, பிறகு 4326க்குப் பெயர்த்தோம். களனி ஆற்றின் தென்கரையில் கிணறுகள் வந்து நின்றன. தாளின் ஏழாம் படியை அடித்துவிட்டுத் தங்கை தன் கையெழுத்தில் எழுதினாள்: “எறியத்தைப் பெயர்க்கவும். குறிக்க வேண்டாம்.”